மேடையில் கொடையாளர், கையில் படிவம்: வாசகர் கேள்வி–பதில்

அக்டோபர் 2 முதல் 8 வரை ‘தான் உத்சவ்’ என்னும் கொடை வாரம் 2009 முதல் நம் நாட்டில் நடந்துவருகிறது. அதை ஒட்டி அலுவலகங்களும் ஆலைகளும் புகழ்பெற்ற தலைவர்களை வரவழைத்து, ஊழியர்களிடையே கொடையைப் பற்றிப் பேசச் செய்வது பழைய வட ஆற்காட்டுப் பக்கமும் இப்போது பழக்கமாகிவிட்டது போலும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் ஆறு இந்த ஒன்றையே கேட்பதால், இந்த இதழில் மற்ற கேள்விகளுக்கு இடமில்லாமல் போயிற்று. அவற்றை அனுப்பியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். சென்ற மாதம் உலகம் அறிந்த தொழிலதிபர் ஒருவர் எங்கள் ஆலைக்கு வந்து, கொடையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். உண்மையிலேயே மனம் உருகிவிட்டது. அவர் மேடையை விட்டு இறங்குவதற்குள், மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதம் தரும் படிவத்தை எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் வரிசை வரிசையாகக் கொடுத்து, அங்கேயே எழுதித் திரும்ப வாங்கினார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுதியதைப் பார்த்து நானும் 1,000 ரூபாய் என்று எழுதிவிட்டேன். வீட்டுக்கடன் தவணையும் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இருக்கையில் இது எனக்கு அதிகம். இப்போது குறைக்கச் சொன்னால் கேவலமாகப் பார்ப்பார்களா? அதோடு, ஆயிரக்கணக்கான கோடிகளைக் கொடுத்தவர் முன்னால் என் 1,000 ரூபாய் ஒரு பொருட்டா என்ற எண்ணமும் அரிக்கிறது.
— ராணிப்பேட்டை வாசகர்

பதில்: அந்த அரங்கில் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு காரியங்கள் நடந்திருக்கின்றன. நீங்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டதால்தான் இவ்வளவு சங்கடம். ஒருவர் வந்து தம் அனுபவத்தைச் சொன்னார், அது உங்கள் மனத்தைத் தொட்டது. அது ஒரு காரியம். உங்கள் விடுப்புச் சீட்டில் கையெழுத்திடுகிறவரும் உங்கள் ஊதிய உயர்வுக்குப் பரிந்துரை எழுதுகிறவருமான ஒருவர் ஒரு தாளை நீட்டி, நீங்கள் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். அது வேறு காரியம். பேச்சு நல்ல பேச்சாகவே இருந்திருக்கலாம். தாளை வாங்கிய விதம் சரியில்லை.

கல்யாண வீட்டு மொய் மேசையை நினைத்துப் பாருங்கள். நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர், பணத்தை எண்ணி வாங்க ஒருவர், பின்னால் காத்து நிற்கும் உறவுக்காரர்கள். நமக்கு முன்னால் எழுதியவர் ஐந்நூற்றொன்று என்றால் நம் வாயிலிருந்து இருநூற்றொன்று என்ற சொல் வருவதில்லை. அதை நாம் யாரும் தர்மம் என்று சொல்லிக்கொள்வதில்லை, ஏனென்றால் நாளை நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வந்துவிடும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். அளந்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவதற்குப் பழந்தமிழில் குறியெதிர்ப்பை என்று தனிப் பெயரே உண்டு. உங்கள் ஆலையில் நடந்ததையும் நான் மொய்க் கணக்கில்தான் வைப்பேன். திரும்பி வராத மொய் என்பது ஒன்றே வித்தியாசம்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்துக்கு இப்படித்தான் ஒரு பெரியவர் வந்து பேசினார். கண் கலங்கக் கேட்ட நான், கலங்கிய கண்ணோடே ஒரு மாதச் சம்பளத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மாதம் 20-ஆம் தேதி வாக்கில் அம்மாவின் மருந்துக்குக் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று. வாங்கியது, அன்று அரங்கில் ஒரு பைசாவும் எழுதாமல் படிவத்தை வெறுமையாக மடித்துக் கொடுத்த நண்பரிடம். அவரை அன்று மனத்துக்குள் கஞ்சன் என்று நினைத்திருந்தேன். நான் கொடுத்த பணத்துக்கு ரசீதோ, அது எங்கே போயிற்று என்ற ஒரு வரியோ இன்று வரை வரவில்லை.

ஆகவே, குறைப்பதில் கேவலம் எதுவும் இல்லை. நீங்கள் எழுத்தில் கொடுத்த சம்மதத்தின் பேரில் நடக்கும் பிடித்தம் இது. அதே எழுத்தில் மாற்றிக்கொள்ளலாம். இன்சார்ஜிடம் வாய்வார்த்தையாகச் சொல்ல வேண்டாம், அது நான்கு பேர் வாயில் விழும். மனிதவளப் பிரிவுக்கு இரண்டே வரியில், அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து பிடித்தத் தொகையை இவ்வளவாக மாற்றிக்கொள்ளவும் என்று தேதியிட்டு எழுதி, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கடனைப் பற்றி எழுதத் தொடங்கினால் அது கெஞ்சல் மனுவாகிவிடும். இதுவரை பிடித்த தொகைக்கு ரசீது வேண்டும் என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

உங்கள் 1,000 ரூபாய் ஒரு பொருட்டா என்ற கேள்விக்கு, உலகத்தின் மிகப் பெரிய கொடையாளர்களில் ஒருவரே பதில் எழுதி வைத்திருக்கிறார். வாரன் பஃபெட் 2006-இல் தம் பங்குகளில் பெரும்பகுதியைக் கேட்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுக்க உறுதி சொன்னார். பிறகு 2010-இல் அவரும் பில் கேட்ஸ், மெலிண்டா இருவருமாகச் சேர்ந்து, பெருஞ்செல்வர்கள் தம் சொத்தில் பாதிக்குக் குறையாமல் கொடுக்க வாக்களிக்கும் உறுதிமொழி இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதற்காக எழுதிய கடிதத்தில் பஃபெட், தம் சொத்தில் 99 விழுக்காட்டைக் கொடுத்த பிறகும் தம் குடும்பம் வேண்டிய எதையும் இழக்கப் போவதில்லை என்றும், தேவாலயத் தட்டில் காசு போடும் சாதாரண மனிதரோ ஒரு சினிமாவையோ ஓட்டல் சாப்பாட்டையோ விட்டுக்கொடுத்துத்தான் போடுகிறார் என்றும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். நம் நாட்டில் அந்த உறுதிமொழியில் முதலில் சேர்ந்தவர் விப்ரோவின் அசிம் பிரேம்ஜி. 2019 மார்ச்சில் அவர் அறிவித்ததையும் சேர்த்தால் அவர் கல்விக்காக ஒதுக்கிய மொத்தம் அன்றைய மதிப்பில் சுமார் 1.45 லட்சம் கோடி ரூபாய். இந்த எண்ணின் பக்கத்தில் உங்கள் தொகையை வைத்துப் பார்ப்பது வீண் வேலை. உங்கள் மாதச் செலவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அப்போது அது எவ்வளவு பெரிய தொகை என்பது தெரியும். அதனால்தான் குறைக்கவும் சொல்கிறேன்: ஒரு நர்ஸுக்கோ ஆசிரியைக்கோ சம்பளம் கொடுத்து நடத்தும் ஒரு சிறிய அமைப்புக்கு, ஆறு மாதத்தில் நின்றுபோகும் ஆயிரத்தைவிடப் பத்தாண்டு தவறாமல் வரும் இருநூறு உதவும், அவர்களால் அதை நம்பி ஆள் வைக்க முடியும்.

கேள்வி: சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணி, வார இறுதியில் சத்துவாச்சாரிக்கு வந்துவிடுவேன். அடுத்த மாதம் எங்கள் அலுவலகத்துக்குக் கொடைக்குப் பெயர் பெற்ற ஒரு தலைவர் வருகிறார். ஊழியர்களில் மூன்று பேர் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்து, அதில் என் பெயரும் வந்திருக்கிறது. உங்களுக்கு எது உந்துதல் என்று கேட்கலாமா? அல்லது வேறு என்ன கேட்பது?
— சத்துவாச்சாரி வாசகி

பதில்: உந்துதல் எது என்று அவரை இதுவரை நூறு பேர் கேட்டிருப்பார்கள், நூற்றோராவது பதிலும் அதே பதிலாகத்தான் இருக்கும். உங்களுக்குக் கிடைக்கப்போவது அரை நிமிடம். அவர் மேடையிலேயே யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்வியாக இருக்கட்டும். இரண்டு தருகிறேன், எது உங்கள் வாய்க்கு வருகிறதோ அதைக் கேளுங்கள்.

முதலாவது, ஈடு கொடுப்பது பற்றி. ஊழியர் எவ்வளவு கொடுக்கிறாரோ அதே அளவை நிறுவனமும் சேர்த்துக் கொடுக்கும் என்று அறிவிப்பது இப்போது பல இடங்களில் உண்டு. உங்கள் அலுவலகத்திலும் அறிவிப்பார்கள் என்றே நினைக்கிறேன். அப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: நாங்கள் யாரும் கொடுக்காவிட்டாலும் அந்தப் பணத்தை நிறுவனம் கொடுத்திருக்குமா? 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள நிறுவனச் சட்ட விதிப்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, விற்றுவரவு 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட்டே ஆக வேண்டும். ஈட்டுத் தொகை அந்த 2 விழுக்காட்டிலிருந்து வருகிறதென்றால், உங்கள் நன்கொடையால் புதிதாக ஒரு ரூபாயும் பிறக்கவில்லை, எப்படியும் செலவாக வேண்டிய பணம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் காட்டுகிறீர்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் இரண்டும் ஒன்றென்று நினைத்துக் கைதட்டக் கூடாது.

இந்த ஈட்டுக் கணக்கு வேலூருக்குப் புதிதில்லை என்பதை உங்கள் அலுவலகத் தோழிகளுக்குச் சொல்லுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவியவரும் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவருமான ஐடா ஸ்கடர், அமெரிக்காவில் மருத்துவம் படித்து முடித்து 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். இந்தியாவுக்குப் புறப்படும் முன்னரே நியூயார்க் வங்கியாளர் ஷெல் என்பவர், இறந்துபோன தம் மனைவியின் நினைவாக 10,000 டாலரை ஒரே கையெழுத்தில் கொடுத்திருந்தார். 1902-இல் அந்தப் பணத்தில் எழுந்ததுதான் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. ஆரணி சாலையில் கண் ஆஸ்பத்திரி என்று நம் ஊரில் பல தலைமுறைகளாகச் சொல்லிவரும் இடம் அது. பெரிய கொடையாளர் ஒருவரின் பணத்தால் நடந்த கதை இது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல் தொடங்கிய பிறகு நடந்தது வேறு மாதிரி. வேலூர் உட்பட ஆசியாவிலுள்ள ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால், ராக்ஃபெல்லர் குடும்பத்தின் நினைவு நிதி 10 லட்சம் டாலர் தரும் என்று 1920-களின் தொடக்கத்தில் ஒரு நிபந்தனை வைக்கப்பட்டது. லூசி பீபாடி என்ற அம்மையார் முன்னின்று நடத்த, ஐடாவும் ஊர் ஊராகப் போய்க் கூட்டங்களில் பேசினார். சிறு சிறு காசாகச் சேர்ந்து இலக்கு நிறைவேறியது. இரண்டு டாலர் வந்தால்தான் மூன்றாவது டாலர் வரும் என்ற கண்டிப்பு இருந்ததால், அங்கே ஒவ்வொரு சில்லறைக்கும் இழுவை இருந்தது. உங்கள் நிறுவனத்தின் ஈட்டுத் தொகைக்கும் அந்த இழுவை உண்டா என்பதே என் முதல் கேள்வியின் சாரம்.

இரண்டாவது கேள்வி இன்னும் சுருக்கமானது: உங்கள் பணத்தைப் பெறுகிறவர்களில், நீங்கள் சொன்னது தவறு என்று உங்களிடம் கடைசியாகச் சொன்னவர் யார்? கொடுப்பவருக்கு மறுப்புச் சொல்ல வாங்குபவருக்கு வாய் எழாது என்பதால்தான் இதைக் கேட்கச் சொல்கிறேன். வாங்குபவர் என்று நாம் நினைக்கும் இடத்தில் கொடுப்பவரும் இருப்பது உண்டு. இதற்கும் உதாரணம் நம் ஊரிலேயே கிடைக்கிறது. குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டா வைரஸைத் தடுக்க இந்தியாவிலேயே உருவான சொட்டு மருந்துக்கு, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் கேட்ஸ் அறக்கட்டளையும் பணம் கொடுத்தன. 2011-இல் தொடங்கிய இறுதிக்கட்டச் சோதனை நடந்த மூன்று இடங்கள் டெல்லி, புனே, வேலூர். மொத்தம் 6,799 குழந்தைகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்தில்லாத வெறும் சொட்டுதான் கொடுக்கப்பட்டது, தன் குழந்தைக்குக் கிடைத்தது எது என்பது எந்தத் தாய்க்கும் தெரியாது. 2014-இல் முடிவு ஆய்விதழில் வெளிவந்தது, 2016 முதல் அது அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. பணம் கொடுத்தவர்களின் பெயரை உலகம் அறியும். ஆறு வாரக் குழந்தையை இடுப்பில் ஏந்திக் கொண்டுவந்து, சரி என்று கையெழுத்தோ கைநாட்டோ வைத்த வேலூர்ப் பெண்களின் பெயரை நம் தெருவே அறியாது. அவர்கள் கொடுத்ததை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை. உங்கள் தலைவருக்கு விளங்கினால் எனக்கும் எழுதுங்கள்.

ஒரு சின்ன யோசனை: கேள்வியைக் காட்பாடியில் ரயில் ஏறியதும் எழுதுங்கள், அரக்கோணம் வருவதற்குள் பாதியாகக் குறையுங்கள், பெரம்பூர் தாண்டுவதற்குள் இன்னும் பாதியாக்குங்கள். நான் கேட்ட கூட்டங்களில் பெரும்பாலான கேள்விகள், கேட்டவரின் வாழ்க்கை வரலாற்றிலேயே மூச்சு முட்டி நின்றுவிட்டன.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் வேலை செய்கிறான். அவன் நிறுவனத்தின் தலைவர் ஊழியர்களிடம் கொடையைப் பற்றிப் பேசியதைக் கேட்டு, தான் படித்த நம் ஊர்ப் பள்ளிக்குக் கொடுக்க ஆசைப்படுகிறான். அவன் கொடுத்தால் நிறுவனமும் அதே தொகையைக் கொடுக்குமாம். அப்படி வாங்கிக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டா?
— ஆற்காடு வாசகர்

பதில்: அங்கே இந்த வழக்கம் பழையது, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் ஊழியர் கொடை இயக்கம் 1983 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. உங்கள் மகனின் பணத்தையும் நிறுவனத்தின் பணத்தையும் நம் சட்டம் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது. உங்கள் மகன் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால், கடல்கடந்த இந்தியர் என்ற அட்டை கையில் இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். நிறுவனம் தரும் ஈட்டுத் தொகையோ எப்படிப் பார்த்தாலும் வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெறும் அமைப்பு 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுடெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். பழைய மாணவர் சங்கம் ஒன்று உள்ளூர் வங்கிக் கணக்கில் வாங்கிப் போட்டுவிட்டு, பிறகு தலைமையாசிரியரும் சங்கச் செயலாளரும் அலைவதற்கு நீங்கள் காரணமாகிவிடாதீர்கள். பள்ளி அரசுப் பள்ளியாக இருந்தால், தமிழக அரசு 2022-இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் வழியாகக் கொடுக்க முடியுமா என்று மகனை முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஊரறிந்த ஒரு பெரியவர் எங்கள் ஆலையில் வந்து பேசியதும், வெள்ள நிவாரணம், மரம் நடுதல், மருத்துவ முகாம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நிதி தொடங்கினார்கள். இதில் நான் கொடுப்பதை என் ஜகாத்தில் கழித்துக்கொள்ளலாமா?
— ஆம்பூர் வாசகர்

பதில்: மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியானவன் இல்லை, உங்கள் ஊரில் அதற்கு ஆலிம்களுக்குப் பஞ்சமில்லை. கணக்குப் பிரிவுக்காரர் என்பதால் கணக்கை மட்டும் பேசுகிறேன். ஜகாத் என்பது வரம்பைத் தாண்டி ஒரு சந்திர ஆண்டு கையில் தங்கிய செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 விழுக்காடு. அதைப் பெறத் தகுதியானவர்கள் எட்டு வகையினர் என்று குர்ஆனே வரையறுத்திருக்கிறது. உங்கள் ஆலை நிதியில் மரக்கன்றும் மருத்துவ முகாமும் ஒரே பையில் கலந்து கிடக்கின்றன, உங்கள் பணம் எதில் போயிற்று என்பதை யாரும் பிரித்துக் காட்டப் போவதில்லை. அப்படி இருக்க, ஆலை நிதிக்குக் கொடுப்பதைச் சதகாவாக, அதாவது விரும்பிச் செய்யும் தர்மமாக வைத்துக்கொண்டு, ஜகாத்தை நீங்கள் அறிந்த கைக்கோ உங்கள் ஜமாஅத்தின் பொது நிதியான பைத்துல்மாலுக்கோ தனியே கொடுப்பதில் குழப்பம் இராது. மேடையில் பேசியவர் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டது வியப்பாக இருக்கிறது. தோல் வணிகத்தில் ஈட்டிய பணத்தையும் சமுதாயத்தின் கல்வி நிதியையும் தனித்தனிக் கணக்கில் வைத்து நடத்தியதால்தான் வாணியம்பாடியில் 1919-இலேயே ஒரு இஸ்லாமியக் கல்லூரி எழுந்தது என்று நான் எண்ணுவது உண்டு.

கேள்வி: அலுவலகக் கூட்டத்தில் பேசிய தலைவர், கொடுப்பதற்கு வரிச்சலுகை உண்டு என்றார். எனக்கு ஒன்றும் குறையவில்லையே?
— குடியாத்தம் வாசகி

பதில்: நீங்கள் புதிய வரிமுறையில் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. 80ஜி என்று நாம் பழகிய சலுகை பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான். 2023–24 நிதியாண்டு முதல், நாமாகச் சொல்லாவிட்டால் புதிய முறையில்தான் கணக்கிடுவார்கள். பழைய முறையிலும் பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழியும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கழியாது. மேடைப் பேச்சில் இவ்வளவு நுணுக்கத்தை எதிர்பார்க்க முடியாது என்பது சரி, ஆனால் பேச்சைக் குறிப்பெடுத்துக் கொடுத்த அலுவலகத்தார் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். என் மருமகள் வேலை செய்யும் இடத்தில் ஒரு பெருஞ்செல்வர் தாம் கொடுத்ததையெல்லாம் பட்டியல் போட்டுப் பேசினாராம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். எங்கள் பள்ளியில் ஒரு மின்விசிறி கொடுத்தவர், அதன் மூன்று இறக்கைகளிலும் தம் பெயரை எழுதச் சொன்னார். சுற்றும்போது யாரும் படிக்க முடியாது என்பதற்காகக் கோடையில் ஒரு நாள் அதை நிறுத்தி வைத்ததும் உண்டு. கொடையைச் சொல்லிக் காட்டுவது நம் பண்பாட்டுக்கு ஒத்ததுதானா?
— காட்பாடி வாசகர்

பதில்: நிறுத்தி வைத்த மின்விசிறியை மிகவும் ரசித்தேன். ஆனால் கொடையை ஊரறியச் சொல்வது நம் பண்பாட்டுக்கு அந்நியம் என்பதை ஒப்ப மாட்டேன். காட்பாடிக்காரரான உங்களுக்குத் திருவல்லம் பக்கத்து ஊர்தான். அங்கே வில்வநாதேசுவரர் கோயில் சுவர்களில் பல்லவர், பாணர், சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. தமிழகத்துக் கோயில் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை கொடையாளர் இன்னார், கொடுத்தது இவ்வளவு என்று ஊருக்கு அறிவிப்பவைதாம். இடக்கைக்குத் தெரியாமல் கொடுத்திருந்தால் நமக்கு வரலாறு என்று ஒன்று பாதிகூட மிஞ்சியிருக்காது.

அவற்றில் எதை அறிவித்தார்கள் என்பதைப் பாருங்கள். கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்குச் சோழர் காலத்தில் வழக்கமாகக் கொடுத்தது 96 ஆடுகள். அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகிற ஆட்டுக்கும் கிழடாகிற ஆட்டுக்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, எண்ணிக்கையை 96-க்குக் குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டியது அவற்றை ஏற்ற இடையர்களின் பொறுப்பு. அவர்கள் நாள்தோறும் அளக்க வேண்டிய நெய் ஓர் உழக்கு என்பதும், சந்திர சூரியர் உள்ள வரை அளக்க வேண்டும் என்பதும், ஆடுகளை ஏற்றவர் யார் என்பதும் கல்லில் இருக்கும். இந்தத் தர்மத்தைக் காப்பவரின் பாதம் என் தலை மேலது என்று கொடுத்தவர் சொல்லி முடிப்பதும் உண்டு. அரசனே கொடுத்தாலும், நாளைக்கு அதை நடத்தப் போகும் முகம் தெரியாத ஒருவருக்குத் தலை வணங்கித்தான் கொடுத்திருக்கிறான்.

உங்கள் மருமகள் கேட்ட பேச்சில் கொடுத்த தொகை இருந்திருக்கும். ஏற்றவர் யார், நாளுக்கு எவ்வளவு நெய், யார் அளந்து பார்ப்பது என்பவை இருந்தனவா என்று அவரைக் கேளுங்கள். இருந்தன என்றால், அந்தப் பெருஞ்செல்வர் தற்பெருமை பேசியதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். கல்வெட்டைத்தான் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். இக்காலத்தில் சந்திர சூரியர் உள்ள வரை என்ற நிபந்தனையும் தலைகீழாகி வருகிறது. தம் சொத்து கிட்டத்தட்ட முழுவதையும் அடுத்த இருபது ஆண்டுகளில் செலவழித்துவிட்டு, 2045 டிசம்பர் 31-ஆம் தேதி அறக்கட்டளையையே மூடிவிடப் போவதாக 2025 மே மாதம் பில் கேட்ஸ் அறிவித்தார். ஆடுகள் 96-லேயே நிற்க வேண்டும் என்று எண்ணியவர்களுக்கும், இருக்கிற ஆடுகள் அனைத்தையும் இப்போதே கறந்து தீர்த்துவிட வேண்டும் என்று எண்ணுகிறவருக்கும் இடையில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இரண்டிலும் கணக்கு வெளியே தெரிகிறது என்பதால் இரண்டையும் மதிக்கிறேன்.

மின்விசிறிக்காரரைப் பொறுத்தவரை, அவர் பெயருக்குக் கீழே பழுது பார்ப்பவர் பெயரையும் எழுதச் சொல்லியிருந்தால் அது ஓடுகிறதா என்றாவது யாரேனும் கேட்டிருப்பார்கள். அடுத்த முறை திருவல்லம் போகும்போது உங்கள் பழைய மாணவர்கள் இரண்டு பேரையும் ஒரு கைவிளக்கையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்துகள் நன்றாகத் தெரியும்.